ஸ்கேன் நார்மல்னா வலி பொய்யா?

மதுரைக்காரி:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "மாத்திரைக்கும் கேக்காத பீரியட்ஸ் வலி மனசுலதான் இருக்கு. ஸ்கேன் நார்மல்னா உடம்புல ஒண்ணுமில்ல." படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. பதினோரு வருஷம் எனக்கும் ஸ்கேன் நார்மல்தான். முதல் நாள் பாத்ரூம் டைல்ஸ்ல கன்னத்தை வச்சுச் சுருண்டு கிடப்பேன். கடைசியில லேப்ராஸ்கோப்பி (வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பாக்கறது) பண்ணித்தான் எண்டோமெட்ரியோசிஸ்னு தெரிஞ்சது, அதாவது கருப்பை உள்சவ்வு மாதிரித் திசு கருப்பைக்கு வெளியில வளர்ற நோய்.

கரிசக்காட்டான்:
எழுதினது நான்தான். என் வீட்டம்மாவுக்கு மூணு ஸ்கேன், மூணும் நார்மல். வெந்தயம் ஊறவச்சுக் குடிச்சா, சரியாப் போச்சு.

மதுரைக்காரி:
இந்த நோய்ல கருப்பைக்கு வெளியில மேலாப்புல ஒட்டியிருக்குற திட்டு சாதாரண ஸ்கேன்ல தெரியாது. நார்மல்னா "தெரியல"ன்னு அர்த்தம், "இல்ல"ன்னு இல்ல.

மருந்துக்கடைத் தம்பி:
அக்கா, மாத்திரையை எப்பப் போடுறாங்கன்னு கேளுங்க. எங்க கடைக்கு வர்றவங்க வலி உச்சிக்கு ஏறின பிறகுதான் போடுறாங்க. வலிக்குக் காரணம் புரோஸ்டாகிளாண்டின்னு கருப்பையைச் சுருங்க வைக்கிற ஒரு பொருள். பீரியட்ஸ் வலிக்குப் போடுற மெஃபனமிக் ஆசிட் மாத்திரை அது புதுசா உருவாகறதைத்தான் தடுக்கும். அதனால வலி தொடங்கும்போதே, சாப்பிட்டுட்டுப் போடணும்.

கரிசக்காட்டான்:
அந்த மாத்திரைக்குத்தானே 2023 கடைசியில மருந்துத் தரத்தைப் பாக்குற இந்திய பார்மகோபியா கமிஷன் எச்சரிக்கை விட்டது? விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்!

மருந்துக்கடைத் தம்பி:
அண்ணே, அது தடை இல்ல. அரிதா வர்ற கடுமையான அலர்ஜியைக் கவனிக்கச் சொன்னது. முழுசாப் படிங்க.

மதுரைக்காரி:
பேச்சை மாத்தாதீங்க. ஸ்கேன் விஷயத்துக்கு வாங்க. நேரத்துக்குப் போட்டும் மூணு மாசமா கேக்கலன்னா ஹார்மோன் மாத்திரை இருக்கு, டைனோஜெஸ்ட்னு இன்னொரு ஹார்மோன் மருந்து இருக்கு, கருப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் சாதனம் இருக்கு. பிள்ளை பெறும் வயசுல 10 சதவீதம் பேருக்கு இந்த நோய்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அத்தனை பேருக்கும் மனசுலயா வலி?

செல்வி டீச்சர்:
எனக்குக் கல்யாணத்துக்கப்புறம் வலி தானா நின்னுடுச்சும்மா. இதுக்குப் போய் வயித்துல ஓட்டை போடணுமா?

மதுரைக்காரி:
உங்களுக்கு நின்னுச்சு டீச்சர். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சும் அதே பாத்ரூம் தரைதான். ஸ்கேன் மட்டும் நார்மல்.

கரிசக்காட்டான்:
எப்பவும் இப்படித்தான், கடைசி வார்த்தை உங்களோடதா இருக்கணும்.

மதுரைக்காரி:
இருக்கட்டும். வீட்டம்மாவையே கேளுங்க, வலி நின்னுச்சா, சொல்றதை நிறுத்திட்டாங்களான்னு.

கரிசக்காட்டான்:
வீட்டுப் பொம்பளையை இழுக்காதீங்க.

மதுரைக்காரி:
மூணு ஸ்கேன் கணக்கை இங்க எழுதினது நானா?

மருந்துக்கடைத் தம்பி:
அண்ணே, அந்த எச்சரிக்கையைப் படிச்சீங்களா இல்லையா?