ட்ரெல்லிஸ்: பந்தலா, படலா, தட்டியா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

மாடித்தோட்டக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். தக்காளி, கத்தரி வரைக்கும் சிக்கல் இல்லை. வெள்ளரிக்கு வந்ததும் இரண்டு சொற்கள் காலை வாரிவிட்டன. ஒன்று ட்ரெல்லிஸ், அதாவது கொடி பற்றி ஏற நாம் அமைத்துக் கொடுக்கும் தாங்கல். மற்றது அதில் கொடியை ஏற்றிவிடும் வேலை, அதாவது ட்ரெய்னிங். என் கைக்கு வந்த பழைய வரைவில் ‘வெள்ளரிக் கொடிகளுக்குப் பந்தலில் பயிற்சி அளித்தல்’ என்று தலைப்பு இருக்கிறது. வருகைப் பதிவேடு வைத்துக் கடைசியில் கொடிக்குச் சான்றிதழும் கொடுப்பார்களோ என்னவோ.

பந்தல் என்றால் நமக்குத் தலைக்கு மேலே விரிவது. கல்தூணோ மூங்கிலோ நட்டு, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுப்பார்கள். புடலைக்கு அதை விட்டால் வழியில்லை. காய் நீளமாகத் தொங்க இடம் வேண்டும். வளைந்துவிடாமல் இருக்க நுனியில் கல்லைக் கட்டி வேறு விடுவார்கள். பாகலும் பீர்க்கும் அதே பந்தலில் ஏறிக்கொள்ளும். சாலட் வெள்ளரி ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். அதற்குச் செங்குத்தாக நிற்கும் ஐந்தாறு அடி வலை போதும். நான் ‘பந்தல்’ என்று எழுதினால் படிப்பவர் மொட்டைமாடியில் நாலு தூண் நிறுத்திக் கூரை போட்டுவிடுவார். பக்கத்துக் கீரைத்தொட்டிக்கு வெயில் கிடைக்காது.

இன்னொன்று. தரையில் படர்ந்தே காய்க்கும் நாட்டு வெள்ளரி பற்றி நான் எழுதவில்லை. அதைத் தூக்கி நிறுத்த யாரும் மெனக்கெடுவதில்லை.

என் முன்மொழிவு: நிற்கும் அமைப்புக்கு ‘நிற்பந்தல்’, வேலைக்குக் ‘கொடியேற்றம்’. அடித்து நொறுக்கலாம்.

சென்னையிலிருந்து

*

வணக்கம் ஐயா,

நிற்பந்தலை ஒருக்கால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ. நிர்ப்பந்தம் என்றுதான் காதில் விழுகிறது. கொடியேற்றம் அதைவிட மோசம். எங்கட ஆக்களுக்கு யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில்தான் ஞாபகம் வரும். இருபத்தைந்து நாள் திருவிழாவின் முதல் நாள் அது. வெள்ளரிக்குக் கொடியேற்றம் என்றால் தேர் எப்ப, தீர்த்தம் எப்ப என்று கேட்பார்கள்.

பயிற்சியை நீங்கள் கேலி செய்தது எனக்கு உடன்பாடில்லை. ‘கத்தரித்தலும் பயிற்றுவித்தலும்’ என்றுதான் நான் வகுப்பில் படிப்பிக்கிறேன். பயில் என்பதற்குப் பழகுதல் என்ற பொருளும் உண்டு. நாம் காட்டும் திசைக்குக் கொடி பழகுகிறது. அதில் என்ன பிழை? அமைப்புக்குப் ‘படல்’ என்று வைக்கலாமே. சின்னச் சொல், பழைய சொல்.

கிளிநொச்சியிலிருந்து

*

அண்ணே, டீச்சர், ரெண்டு பேருக்கும் வணக்கம்.

நான் பசுமைக்குடில்ல வெள்ளரி போடுறவன். மேல எட்டடியில கம்பி, அதுல இருந்து செடிக்கு ஒரு கயிறு. தண்டைக் கயித்துல சுத்தி மேல விடுறதை ‘சுத்தி விடுறது’ம்போம். கணுவுல வர்ற பக்கச் சிம்பை ‘ஒடிக்கிறது’. முதல் நாலஞ்சு கணுவுல வர்ற பிஞ்சைக் ‘கிள்ளுறது’. கொடி கம்பியைத் தொட்டுட்டா ‘இறக்கி விடுறது’. கீழ்த் தண்டு இலையெல்லாம் கழிஞ்சு மொட்டையாக் கிடக்கும். கயித்தைத் தளர்த்தி அதை அப்படியே தரையில வளைச்சுப் படுக்க விட்டுட்டா நுனி மறுபடி கைக்கு எட்டும்.

கையேட்டுல ஒண்ணு மட்டும் மறக்காம எழுதுங்க. காலங்காத்தால சுத்தக் கூடாது. ராத்திரி தண்ணி இழுத்துத் தண்டு விறைப்பா நிக்கும். லேசா மடக்கினாலே மடக்குன்னு ஒடிஞ்சுரும். உச்சி சாய்ஞ்சதுக்கு அப்புறம் கொஞ்சம் தொவண்டு சொன்ன பக்கம் வளையும். கயிறு முடிச்சை இலைக்காம்புக்கு அடியில போடணும், தண்டு பெருக்க ரெண்டு விரல் நுழையுற அளவு விட்டு. இறுக்கிக் கட்டினா பத்தே நாள்ல கயிறு தண்டை அறுத்துரும்.

எங்க அப்பாவுக்குச் சின்னமனூர்ப் பக்கம் வெத்திலைக் கொடிக்கால். அகத்தியில வாழைநாரால ஒரு சாணுக்கு ஒரு கட்டு கட்டி ஏத்துவாங்க. உச்சிக்குப் போய் இலை சிறுத்துட்டா கொடியை இறக்கிச் சுருட்டி, அடியில மண்ணுக்குள்ள புதைச்சு மறுபடி ஏத்திக் கட்டுவாங்க. நான் குடிலுக்குள்ள செய்யறதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். இதுக்குப் புதுப் பேரு எதுக்குண்ணே?

*

தம்பி, உங்கள் மடலை அப்படியே கையேட்டில் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நன்றி.

நிற்பந்தல் போய்விட்டது, விடுங்கள். படல் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் படல் என்றால் ஓலை வைத்து மூடியது, மறைப்புக்கு ஆனது. வெள்ளரியை நிறுத்துவதே காற்றோட்டத்துக்காக. அடிச்சாம்பல் நோய் ஈர இலையில்தான் பிடிக்கும். பனியோ மழையோ சீக்கிரம் காய்ந்துவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது. காயும் மண்ணைத் தொடாமல் நேராகத் தொங்கும், அடி வெளுக்காது. மறைப்புக்கு ஆன சொல்லை இதற்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தனி மடலில் இருவர் ‘கொழுகொம்பு’ என்று எழுதியிருந்தார்கள். அழகுதான், ஆனால் அது ஒற்றைக் கொம்பு. ‘கொடியேணி’ என்று ஒருவர். படி இருப்பதாக நினைத்துக் குழந்தைகள் ஏறிவிடும்.

நான் ‘கொடித்தட்டி’க்கு வருகிறேன். தட்டி என்றாலே நிற்பது. மூங்கில் பிளாச்சில் இடைவெளி விட்டுக் கட்டுவது. தேர்தல் தட்டி ஞாபகம் வருமே என்பீர்கள். ‘கொடி’ முன்னால் இருப்பதால் இன்னும் கூடுதலாக வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்தச் சொல் குட்டி போடுகிறது: வலை கட்டினால் வலைத்தட்டி, கயிறு தொங்கவிட்டால் கயிற்றுத்தட்டி, சுவரில் சரித்து வைத்தால் சாய்தட்டி. ஒரு கலைச்சொல்லிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பந்தல் கூரைக்கே இருக்கட்டும்.

டீச்சர், இனி பயிற்றுவித்தல். கொடிக்கு ஏறத் தெரியும் என்பதுதான் என் தடை. அதன் பற்றுக்கம்பியைப் பாருங்கள். நுனி எதிலாவது பட்டதும் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு முனையும் கட்டுண்டபின் நடுப்பகுதி சுருள ஆரம்பிக்கிறது. பாதி வலச்சுருள், பாதி இடச்சுருள், நடுவில் திரும்பும் இடம் ஒன்று. டார்வின் 1865இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். முதிர்ந்த வெள்ளரிச் சுருளை இரு முனையிலும் பிடித்து இழுத்தால், டெலிபோன் வயர் போல அவிழாமல் முதலில் மேலும் முறுக்கிக்கொள்கிறது என்று 2012இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். காற்றில் ஆடினாலும் கொடி பிய்ந்து விழாததில் அதற்குப் பங்கு உண்டு. இவ்வளவு தெரிந்ததற்கு நாம் என்ன பயிற்றுவிப்பது?

பசுமைக்குடிலில் அந்தச் சுருளையே பல இடங்களில் கிள்ளி எறிகிறார்கள், பக்கத்து இலையையும் பிஞ்சையும் பிடித்துக்கொள்கிறது என்று. அங்கே கொடியைத் தாங்குவது முழுக்க மனிதன் போட்ட கட்டு. ஆகவே சொல் கட்டிலிருந்து வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

‘கொடி கட்டுதல்’ என்று விட்டுவிடலாமா என்றும் பார்த்தேன். மாடித்தோட்டக் கையேட்டில் ‘மொட்டைமாடியில் கொடி கட்டுங்கள்’ என்று எழுதினால் துணி காயப்போட்டுவிடுவார்கள். எனவே தம்பி வீட்டுக் கொடிக்காலில் இருப்பதையே எடுத்துக்கொண்டேன்: ‘ஏற்றிக்கட்டல்’. குடிலில் செய்யும் அடுத்த வேலைக்கு ‘இறக்கிக்கட்டல்’ தானாகவே கிடைக்கிறது. ‘வெள்ளரியை ஏற்றிக்கட்டல்’ என்று தலைப்பு வைத்தால் விளக்கக் குறிப்பே வேண்டியதில்லை.

பற்றுக்கம்பியையும் மாற்ற வேண்டும். பாடநூல் சொல்தான், ஆனால் என் கையேட்டில் ‘பற்றுக்கம்பி கம்பியைப் பற்றியதும்’ என்று வாக்கியம் விழுகிறது. ‘பற்றுச்சுருள்’ என்று போடுகிறேன். ப்ரூனிங், அதாவது நீங்கள் சொன்ன கத்தரித்தல், கவாத்தாகவே இருக்கட்டும், அதைத் தொடப்போவதில்லை.

*

ஐயா, ஏற்றிக்கட்டல் நல்லாயிருக்கு, எடுத்துக்கொள்கிறேன். சோதனைத் தாளில் பயிற்றுவித்தல் என்றுதான் வரும் என்பதால் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டியிருக்கும். கொடித்தட்டியும் சரி. ‘சிம்பு’ என்று மட்டும் தனியே எழுதிவிடாதேங்கோ, இங்கே நடிகரைத்தான் தெரியும். பக்கக்கிளை என்று போடுங்கோ.