ஏஎம்இ, அதான் ஃபிளைட் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் படிப்பு, படிக்கணும்னு தம்பி ஒத்தக்கால்ல நிக்கிறான், சேக்கலாமா?

தண்டையார்பேட்டை அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கான், மேத்ஸ் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி கம்ப்யூட்டர் குரூப்பு. அப்பாவுக்கு ஹார்பர்ல கான்ட்ராக்ட் வேலை. இவனுக்கு ஸ்பேனர் கையில கிடைச்சா சோறு தண்ணி வேணாம், தெருவுல யார் வண்டி நின்னு போனாலும் இவனத்தான் கூப்புடுவாங்க. விசாரிக்கப் போன இடத்துல கோர்ஸ் முடிஞ்சதும் லைசென்ஸ் கையில, அடுத்த மாசமே ஏர்லைன்ஸ் வேலைன்னு சொல்றாங்க, ஃபீஸு லட்சக்கணக்குல. அம்மா நகைய வெச்சிடலாம்னு சொல்லுது. பெரியப்பா என்னடான்னா பி.இ. ஏரோநாட்டிக்கல் சேத்துடுங்க, ரெண்டும் ஒண்ணுதான்ங்கறாரு. துட்டு கட்றதுக்கு முன்னாடி என்ன பாக்கணும், உண்மையில எத்தன வருஷம் ஆகும், இந்த ஃபீல்டுல இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பெரம்பூர் பி1:
சிஸ்டர், நான் பெரம்பூர்தான், மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல லைன் மெயின்டனன்ஸ், அதாவது வந்து நிக்கிற ஃபிளைட்ட செக் பண்ணி அனுப்புற வேலை. என்கிட்ட இருக்கறது பி1.1 லைசென்ஸ், ஜெட் ஃபிளைட்டோட என்ஜின், பாடி பக்கம். முதல்ல நகைய உள்ள வைக்கச் சொல்லுங்க, நிதானமா பேசலாம்.

கோர்ஸ் முடிஞ்சதும் லைசென்ஸ்ங்கறது தப்பு. லைசென்ஸ் குடுக்கறது டிஜிசிஏ, அதாவது விமானத் துறைய கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு, இன்ஸ்டிட்யூட் இல்ல. கார்-66ங்கற அவங்க லைசென்ஸ் ரூல்படி மாட்யூல் பரீட்சை, அதாவது பாடம் பாடமா வர்ற பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணணும், அது போக ஓடிட்டு இருக்கற ஃபிளைட்ல வேலை செஞ்ச அனுபவம் வேணும், லாக்புக்ல எழுதி கையெழுத்து வாங்கி வெக்கணும். பி1.1க்கு அப்ரூவ்டு கோர்ஸ் 2400 மணி நேரம், அதோட 2 வருஷ அனுபவம். அந்த கோர்ஸுக்கு அப்ரூவல் இல்லன்னா அனுபவம் 3 வருஷம், 5 வருஷம்னு ஏறிடும், இதத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால டிஜிசிஏ வெப்சைட்ல கார்-147, அதாவது ட்ரெயினிங் இன்ஸ்டிட்யூட்டுக்கான ரூல்படி அப்ரூவல் வாங்குன லிஸ்ட் இருக்கும், அதுல அந்த இன்ஸ்டிட்யூட் பேரு இருக்கா, எந்த கேட்டகிரிக்கு, எந்த தேதி வரைக்கும்னு நீங்களே பாருங்க, அவங்க காட்ற பிரிண்ட் அவுட்ட நம்பாதீங்க.

பெரியப்பா சொல்றதும் சரியில்ல. குரோம்பேட்டை எம்ஐடில 1949லேர்ந்து ஏரோநாட்டிக்கல் இருக்கு, கலாம் ஐயா படிச்ச இடம், நல்ல படிப்புதான், ஆனா அது டிசைன் பக்கம். அந்த டிகிரிய மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு ஃபிளைட்ட பறக்கலாம்னு ரிலீஸ் பண்ணி கையெழுத்து போட முடியாது.

லைசென்ஸ் வந்தப்புறமும் ஏ320 மாதிரி ஒரு டைப் ஃபிளைட்ல கையெழுத்து போடணும்னா அந்த டைப்புக்கு தனியா ட்ரெயினிங் முடிச்சு லைசென்ஸ்ல ஏத்தணும். அதுவரைக்கும் டெக்னீஷியன் வேலைதான், சம்பளமும் அதுக்கு ஏத்த மாதிரிதான். பையன் ஏழெட்டு வருஷம் பொறுமையா இருப்பானான்னு அவன்கிட்டயே கேளுங்க.

வியாசர்பாடி பையன்:
அக்கா நான் இப்ப படிச்சிட்டு இருக்கேன். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். மெயின்டனன்ஸ் மேனுவல் மொத்தமும் இங்கிலீஷ், அதுல ஒரு லைன தப்பா புரிஞ்சுக்கிட்டா வேலையே தப்பாயிடும், அதனால தம்பிய இப்பவே இங்கிலீஷ் படிக்கச் சொல்லுங்க, பேச வரலன்னா பரவால்ல, படிச்சா புரியணும். அப்புறம் ஒர்க்‌ஷாப்ல ஆரம்பத்துல ஃபிளைட்ட தொடவே விட மாட்டாங்க, இரும்புத் துண்ட ஃபைல் பண்ணி நாலு பக்கமும் சதுரமா வர்ற வரைக்கும் ராவ வேண்டியதுதான். லாக் ஒயர் கட்றது இன்னொண்ணு, போல்ட் தலையில இருக்கற ஓட்டைல கம்பிய விட்டு முறுக்கி பக்கத்து போல்ட்டுல கட்டணும், போல்ட் கழண்டு வரப் பாத்தா கம்பி அத டைட் பண்ற பக்கம் இழுக்கணும், திசை மாத்தி கட்டுனா பாக்க அழகா இருக்கும் ஆனா ஒண்ணுத்துக்கும் ஆகாது, சார் வந்து கட்டர்ல வெட்டி விட்டுட்டு திரும்ப கட்டுன்னு போயிடுவாரு. வண்டி வேலைல கை பழகுனவனுக்கு அது பிடிக்கும்.

ராயபுரம் ஏவியானிக்ஸ்:
நான் பி2, அதாவது எலக்ட்ரிக்கல், ரேடியோ, இன்ஸ்ட்ருமென்ட் பக்கம். என்ஜின், லேண்டிங் கியர்னா பி1. தம்பிக்கு ஸ்பேனர்தான் உயிருன்னா பி1 போகட்டும், அதுல தப்பே இல்ல.

ஒண்ணு மட்டும் சொல்றேன். தெருவுல வண்டி கழட்டுற பழக்கத்துல கண்ணால பாத்து இது அதே சைஸ்தான்னு போல்ட் போடுற கை இருக்கும், அது இங்க ஆகாது. 9வது மாட்யூல் ஹியூமன் ஃபேக்டர்ஸ், மனுஷன் எப்படி தப்பு பண்றான்ங்கற பாடம், அதுல ஒரு கேஸ் வரும், 1990 ஜூன்ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஃபிளைட் 5390. முந்தின நாள்தான் முன் கண்ணாடி மாத்துனாங்க, பழைய போல்ட்டுக்கு ஜோடி பாத்து எடுத்தாங்க, பார்ட் நம்பர் பாக்கல. 90 போல்ட்ல 84 விட்டம் கம்மி. மேல போனதும் கண்ணாடி பிச்சுக்கிட்டு கேப்டன் பாதி உடம்பு வெளிய தொங்குனாரு, உள்ள இருந்தவங்க அவர் கால கெட்டியா புடிச்சுக்கிட்டதால உயிர் பொழச்சாரு. அத மாட்டுனவர் அனுபவம் இல்லாதவர் இல்ல, நல்லா வேலை தெரிஞ்சவர்தான். தம்பிக்கு இத முழுசா படிச்சு காட்டுங்க, அதுக்கப்புறமும் இந்த வேலைதான்னு சொன்னா தைரியமா சேருங்க.

தண்டையார்பேட்டை அக்கா:
ரொம்ப தேங்க்ஸ். லிஸ்ட்ல தேடுனோம், அந்த இன்ஸ்டிட்யூட் பேரு இல்ல. போன் பண்ணி கேட்டா நேர்ல வாங்க பேசிக்கலாம்ங்கறாங்க. தம்பி அந்த போல்ட் கேஸ படிச்சிட்டு, பார்ட் நம்பர் எங்க எழுதியிருக்கும், அத எப்படி பாக்கறதுன்னு கேக்கறான்.

பெரம்பூர் பி1:
பார்ட்ஸ் கேட்டலாக்ல இருக்கும், அதுல சொன்ன நம்பரும் ஸ்டோர்ல குடுக்கற பார்ட்டோட டேக் நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் மாட்டணும். அங்க திரும்பப் போகாதீங்க. லிஸ்ட்ல இருக்கற வேற ரெண்டு மூணு இடம் நேர்ல பாருங்க, தம்பியையும் கூட்டிட்டுப் போங்க, அனுபவத்துக்கு பசங்கள எந்த கம்பெனி ஹேங்கருக்கு அனுப்புறாங்கன்னு எழுத்துல கேளுங்க, கடைசி வருஷ பசங்க ரெண்டு பேர்கிட்ட கேன்டீன்ல தனியா பேசுங்க. ஃபீஸ செமஸ்டர் செமஸ்டரா கட்ற இடமா பாருங்க, மொத்தமா கேட்டா வேணாம். நம்ம ஏரியாலேர்ந்து விம்கோ நகர் மெட்ரோ ஏர்போர்ட் வரைக்கும் நேராவே போகுது, ஒரு ஞாயித்துக்கிழமை தம்பிய அனுப்புங்க, ஷிப்ட் முடிச்சு வெளிய வந்து பேசறேன்.