நிலக்கடலைக் கொல்லையில் கிடைத்த சோழி: பென்னாகரத்தில் கடல் இருந்ததா?

கொல்லைமேட்டான்:
பென்னாகரத்துக்கு மேற்கே எங்கள் கொல்லையை நிலக்கடலைக்காக உழுதபோது, ஜாண் ஆழத்தில் மூன்று சோழிகள் கிடைத்தன. கொல்லையை ஒட்டிய பாறையில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் அலை அலையாக ஓடுகின்றன. இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று என் தாத்தா சொல்வார். இப்போது சாட்சி என் கையில் இருக்கிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

கிருஷ்ணகிரி ஆசிரியை:
காரணத்தோடே மறுக்கிறேன், ஐயா. அந்த வரிகள் அலை போட்டவை அல்ல. பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறை உருமாறியபோது தாதுக்கள் பட்டை பட்டையாகப் பிரிந்த தடம் அது. நம் பக்கத்துப் பாறைகளுக்கு ஏறக்குறைய 250 கோடி வயது. ஓடுள்ள உயிர் எதுவும் அன்று பிறந்திருக்கவில்லை.

கொல்லைமேட்டான்:
பாறை பழையது, சரி. அதன்மேல் பின்னொரு நாள் கடல் ஏறியிருக்கக் கூடாதா?

கிருஷ்ணகிரி ஆசிரியை:
ஏறியிருந்தால் களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் படிந்திருக்கும். அரியலூரில் அப்படித்தான் படிந்திருக்கிறது. 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏறிய கடலின் சிப்பிகள் இன்று கல்லாகிக் கிடக்கின்றன. உங்கள் கொல்லையில் இருப்பது உங்கள் வரிப் பாறையே மக்கி உதிர்ந்த செம்மண். உங்கள் சோழி கல்லாகியிருக்கிறதா? அதன் முதுகு முழுதாக இருக்கிறதா? தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

ஒகேனக்கல் வாசி:
காவிரி வெள்ளத்தில் வந்து ஒதுங்கியிருக்கலாமே?

மண்டபத்து மகள்:
வராது, அண்ணா. காவிரி குடகிலிருந்து கடலுக்குப் போகிறது, கடலிலிருந்து இங்கே வரவில்லை. சோழி நன்னீரில் பிழைக்கவும் செய்யாது.

நான் பிறந்தது ராமேசுவரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபம், வாழ்க்கைப்பட்டது தருமபுரி. சிறு வயதில் கடல் வற்றும் நேரத்தில் பவளக் கல்லைப் புரட்டினால் அடியில் சோழிப் பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். பகலில் கல்லுக்கடியில் பதுங்கியிருந்து, இரவில் வெளியே வந்து பாசியை மேயும். உயிரோடு இருக்கும்போது ஓடே கண்ணுக்குத் தெரியாது. புள்ளி போட்ட மெல்லிய சதை இரண்டு பக்கமும் ஏறி முதுகை மூடியிருக்கும். விரலால் தொட்டால் அந்தச் சதை மெல்ல உள்ளே போகும், அடியிலிருந்து கண்ணாடி போல ஓடு வெளிப்படும். அந்தச் சதைதான் மேலே மேலே பூசிப் பூசி அந்த மெருகைத் தருகிறது.

குஞ்சுச் சோழியின் வாய் அகன்று, விளிம்பு முட்டையோடு போல மெலிந்திருக்கும். வளர்ந்ததும் விளிம்பு உள்ளே மடங்கி இருபுறமும் பல் கட்டும். அதன் பிறகு ஓடு தடிக்குமே தவிர நீளாது. கரையில் ஒதுங்கும் செத்த சோழியை மணல் தேய்த்து மெருகைத் தின்றுவிடும். உங்களுடையதில் மெருகு இருக்கிறதா?

கொல்லைமேட்டான்:
கழுவிப் பார்த்தேன். கல்லாகவில்லை, கையில் கனமே தெரியவில்லை. வாயோரம் மெருகு இன்னும் இருக்கிறது. ஒன்றில் முதுகைச் சுற்றி மஞ்சள் வளையம் மங்கலாகத் தெரிகிறது. மூன்றிலும் முதுகில் ஓட்டை. ஆனால் நண்டோ வேறு நத்தையோ துளைத்திருக்கலாம் அல்லவா?

மண்டபத்து மகள்:
நத்தை துளைத்தால் குண்டூசித் தலையளவு வட்டமாக இருக்கும். உங்கள் சுண்டுவிரல் நுனி ஓட்டைக்குள் போகிறதா?

கொல்லைமேட்டான்:
போகிறது. விளிம்பும் வழுவழுப்பாக இருக்கிறது.

கிருஷ்ணகிரி ஆசிரியை:
அப்படியென்றால் கயிறு கோக்க மனிதர் தேய்த்து எடுத்த முதுகு அது. மெருகு மிஞ்சியிருப்பதால் கரையில் பொறுக்கியதாகவும் தெரியவில்லை, உயிரோடு பிடித்ததாகத்தான் இருக்க வேண்டும். மாட்டின் கழுத்துப் பட்டையிலிருந்து அறுந்து விழுந்திருக்கும்.

ஓசூர்த் தமிழன்:
மாடு என்று அவசரப்படாதீர்கள். சோழி காசாகவும் ஓடியது. மாலத்தீவிலிருந்து கப்பல் கப்பலாக வங்கத்துக்குப் போனதை 14ஆம் நூற்றாண்டிலேயே மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா எழுதியிருக்கிறார்.

கிருஷ்ணகிரி ஆசிரியை:
வங்கத்திலும் ஒடிசாவிலும் ஓடியது உண்மை. அதை வைத்துக்கொண்டு பென்னாகரத்துக் கொல்லையில் மூன்றே மூன்று சோழியைப் புதையல் காசு என்று சொல்ல முடியாது.

கொல்லைமேட்டான்:
கடலை விட்டுவிடுகிறேன், அம்மா. பாறை விளக்கமும் ஓட்டையின் அளவும் என்னை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டன. மாட்டுப் பட்டை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அந்த மூலை என் தாத்தா காலம் வரை உழாத கல்லுமேடு. அங்கே மாடு கட்டியதே இல்லை. பெரிய பலகைக் கற்கள் நான்கைந்து சாய்ந்து கிடந்தன, என் அப்பாதான் அவற்றை வரப்புக்குத் தள்ளினார்.

கிருஷ்ணகிரி ஆசிரியை:
பலகைக் கற்களா? இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, ஐயா! கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்திட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படி, இறந்தவருக்காகப் பழங்காலத்தில் எழுப்பிய ஒரு ஈமச்சின்னமாக இருந்திருக்கலாம்; சோழிகளும் அதைச் சேர்ந்தவையாக இருக்கலாம். அப்படியென்றால் என் மாட்டுப் பட்டை வாதம் நிற்காது. அந்த மூலையில் இனி ஏர் இறக்காதீர்கள், நீங்களாகத் தோண்டவும் வேண்டாம். சோழி கிடைத்த இடத்தில் ஒரு முளை அடித்துவிட்டு, தருமபுரியில் தொல்லியல் துறையினரிடம் சொல்லுங்கள். வரப்புக் கற்களையும் படம் எடுத்துப் போடுங்கள்.

கொல்லைமேட்டான்:
முளை அடித்துவிட்டேன். மூன்று சோழிகளும் கழுவிய துணியிலேயே இருக்கின்றன. கற்களைக் காலை வெளிச்சத்தில் படம் எடுக்கிறேன்.