மீடியம் பார்மட்டா, புல் பிரேமா? இரண்டையும் கையில் வைத்து வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பட்டுச் சேலை கேட்டலாக் எடுப்பதுதான் என் பிழைப்பு. காஞ்சிபுரம் கடைகள், சென்னையில் சில கடைகள். பல வருஷம் 61 மெகாபிக்சல் புல் பிரேமில் (பழைய 35 எம்எம் பிலிம் அளவு சென்சார்) ஓட்டினேன், இப்போது அதோடு பியூஜி ஜிஎப்எக்ஸ் 100எஸ்ஸும் (அதைவிடப் பெரிய சென்சார் உள்ள 100 மெகாபிக்சல் மீடியம் பார்மட் கேமரா) இருக்கிறது. எது வாங்கலாம் என்று கேட்கிற எல்லோரும் கடைசியில் "அந்த மீடியம் பார்மட் லுக்" என்ற இடத்தில் வந்து நிற்கிறார்கள், அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

பின்னணி கரைந்து போவதற்காக என்றால் வாங்காதீர்கள். ஜிஎப் 110 எம்எம் எப்/2 லென்ஸைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள், அருமையான லென்ஸ்தான், ஆனால் புல் பிரேம் கணக்கில் அது ஏறக்குறைய 87 எம்எம் எப்/1.6. உங்களிடம் இருக்கும் 85 எப்/1.4 அதைவிடக் கொஞ்சம் கூடவே கரைக்கும். 43.8க்கு 32.9 மில்லிமீட்டர் சென்சார் புல் பிரேமைவிடப் பரப்பில் 1.67 மடங்கு, வெளிச்சக் கணக்கில் முக்கால் ஸ்டாப்கூட (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) முழுசாக வராது. நிக்கான் டி850 மாதிரி ஐஎஸ்ஓ 64ல் தொடங்கும் பாடி வைத்திருந்தால், எடிட்டிங்கில் ஷேடோவை, அதாவது இருட்டுப் பகுதியைத் தூக்கும்போது அந்த இடைவெளியும் சுருங்கிவிடும்.

அப்புறம் நான் ஏன் வாங்கினேன்? மடித்து வைத்த சேலை கிட்டத்தட்ட சதுரம். 3:2 பிரேமில் இரண்டு ஓரமும் வீண், வெட்டிப் போடத்தான் வேண்டும். குறுகிய பக்கத்தில் 61 மெகாபிக்சலில் கிடைப்பது 6336 பிக்சல், 100எஸ்ஸில் 8736. இரண்டிலும் ஒரு பிக்சலின் அளவு அதே 3.76 மைக்ரான்தான், ஆக பிக்சல் ஒன்றும் உசத்தி இல்லை, எண்ணிக்கைதான் கூடுதல். ஆனால் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு பேனர் வைக்கும்போது, கோர்வையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் தாழம்பூ ரேக்கின் (ரம்பம் போன்ற கரை வேலைப்பாடு) ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று கடைக்காரர் மூக்கை ஒட்டி நின்று பார்ப்பார். அங்கே அந்த எண்ணிக்கை பேசுகிறது.

மொய்ரே தொல்லை இரண்டிலும் உண்டு. இரண்டு சென்சாரிலும் லோ பாஸ் பில்டர் (படத்தை லேசாக மழுக்கி மொய்ரேயைக் குறைக்கும் கண்ணாடி) கிடையாது, நெசவின் இழை பிக்சல் வரிசையோடு மோதினால் அரக்குச் சேலையில் பச்சையும் ஊதாவுமாக அலை அடிக்கும். ட்ரைபாடை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தினால் பல நேரம் போய்விடும், இல்லையென்றால் எப்/16க்கு மூடுவேன், கூர்மை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அசையாமல் கிடக்கும் சேலைக்கு பிக்சல் ஷிப்ட் (சென்சாரை இம்மியளவு நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது) இருக்கிறது, ஏசி காற்றில் முந்தி லேசாக ஆடினால் அதுவும் போச்சு.

ஜரிகையைக் கிட்டே எடுக்க இன்னமும் புல் பிரேம்தான் எடுக்கிறேன். ஜிஎப் 120 மேக்ரோ அரை மடங்குதான் போகும், புல் பிரேமில் சாதாரண 100 எம்எம் மேக்ரோவே 1:1, அதாவது பொருளின் அசல் அளவையே சென்சாரில் தரும். வெள்ளிக் கம்பிச் சுற்றின் இடுக்கில் உள்ளே ஓடும் சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால்தான் அசல் ஜரிகை என்று காட்டலாம், அதற்கு அந்த 1:1 வேண்டும்.

———

அண்ணே, மதுரைப் பக்கம் கல்யாணம் எடுக்கிறவன் நான். ஒரு முகூர்த்தத்துக்கு 50 மெகாபிக்சல் மீடியம் பார்மட் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போனேன். முதல் நாள் ரிசப்ஷனில் பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்தி பிளாஷ் போட்டு எடுத்த படங்கள், சும்மா சொல்லக்கூடாது, முகத்தில் மஞ்சள் பூசின நிறம் அப்படியே வந்தது. மறுநாள் காலையில் ஓமப் புகை, குறுக்கே நாலு பேர் கை, கெட்டிமேளம் என்றதும் அட்சதை வேறு பறக்கிறது. அந்தத் தலைமுறை 50 மெகாபிக்சல் பாடிகளில் போகஸ் கான்ட்ராஸ்ட் முறை மட்டும்தானே, லென்ஸ் முன்னே போய்ப் பின்னே வந்து நிற்பதற்குள் மூணாவது முடிச்சை நாத்தனார் போட்டுவிடுவார். நல்ல வேளை, தாலிக்கு என் கையில் புல் பிரேம்தான் இருந்தது, வாடகைப் பாடி தம்பி கையில்.

இன்னொன்று. சத்தம் வேண்டாம் என்று எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால், பெரிய சென்சாரை வரிவரியாகப் படித்து முடிக்கவே நேரமாகும், மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழும். இதில் 100 மெகாபிக்சல் ரா பைலை (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) 16 பிட்டில் சுருக்காமல் எடுத்தால் படம் ஒன்றுக்கு 200 எம்பி தாண்டும் என்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் அழுத்துகிறவனுக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கவே சம்பளம் போகும். ஆல்பம் என்னவோ அதே 12க்கு 36 இன்ச்தான்.

———

தம்பிகளா, ஸ்டூடியோவில் மாமியா ஆர்பி67 வைத்துப் படம் எடுத்த காலத்து ஆள் நான். இந்த "லுக்" பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்களிடமிருந்துதான். 6x7 நெகட்டிவ் என்பது 56க்கு ஏறக்குறைய 70 மில்லிமீட்டர், 35 எம்எம் பிலிமைவிட நாலரை மடங்கு பரப்பு. ஒரே முகத்தை இரண்டிலும் எடுத்து பிரிண்ட் போட்டால் வீட்டில் இருக்கும் பாட்டிகூட வித்தியாசம் சொல்லிவிடுவாள். இன்றைக்கு அதே பெயரில் விற்பது ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை. பேஸ் ஒன்னின் 53.4க்கு 40 சென்சார் கொஞ்சம் கிட்டே வரும், அதன் விலைக்கு ஸ்டூடியோவையே வாங்கலாம்.

என் மகன் 100எஸ் வேண்டும் என்று நிற்கிறான். அவன் எடுப்பது முழுக்க மகாபலிபுரத்து அவுட்டோர் ஜோடிப் படங்கள். பிளாஷ் சின்க் (பிளாஷோடு ஒத்துப் போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/125தானாமே, உச்சி வெயிலில் அது எப்படி?

———

கஷ்டம்தான் ஐயா. புல் பிரேமில் 1/200, 1/250 கிடைக்கும், அந்த வெயிலுக்கு அதுவே பத்தாது. ஹாசல்பிளாட் எக்ஸ்சிடி லென்ஸ்களில் லீப் ஷட்டர் (இதழ் இதழாகத் திறந்து மூடும் ஷட்டர்) உள்ளேயே இருப்பதால் 1/2000 வரை முழு பிளாஷும் ஒத்துப் போகும், அவுட்டோருக்காகவே மீடியம் பார்மட் என்றால் அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். விலை கேட்டுவிட்டு மனசு மாறினால், இருக்கிற புல் பிரேமுக்கு நல்ல என்டி பில்டரும் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி) 600 வாட் செகண்ட் பிளாஷ் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள், மிச்சப் பணத்தில் லென்ஸ் வாங்கட்டும். அதற்கும் மசியவில்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை 100எஸ்ஸை என்னிடமே வாங்கிப் போய் அந்த மணலில் நின்று எடுத்துப் பார்க்கட்டும். பேட்டரி இரண்டு தருகிறேன், கார்டு அவன் கொண்டுவரட்டும்.