துலா யன்னல்: சாஷ் யன்னலுக்கு ஒரு பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

மேலும் கீழுமாக நகர்த்தித் திறக்கும் சாஷ் யன்னலுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிவருகிறோம். அதில் வந்த 'வழுக்கு யன்னல்' என்ற முன்மொழிவு எனக்குச் சரியாகப் படவில்லை. கொழும்பில் அந்தச் சொல்லைக் கேட்டால், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் அலுமினிய யன்னல்தான் நினைவுக்கு வரும். 'ஏற்றிறக்கு யன்னல்' பரவாயில்லை. ஆனால் அது வெளியே தெரியும் அசைவை மட்டும் சொல்கிறது. பழுதுபார்க்கிறவருக்கு வேண்டிய விசயம் நிலைக்காலுக்குள், அதாவது சுவரோடு நிற்கும் பக்கமரத்துக்குள், ஒளிந்திருக்கிறது.

மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். ஒவ்வொன்றின் இரு பக்கத்திலும் ஒரு கயிறு. அது கப்பிக்கு மேலால் போய், நிலைக்காலுக்குப் பின்னுள்ள பெட்டிக்குள் இரும்பிலோ ஈயத்திலோ செய்த எடையில் முடிகிறது. அந்தச் சமன் இருப்பதால்தான் பாரமான சட்டமும் இலேசாக எழும்பி, விட்ட இடத்தில் நிற்கும். யாழ்ப்பாணத்தில் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலாவின் அடிப்பக்கத்தில் கல் கட்டுவதும் இதற்குத்தானே? அதனால் நான் சொல்வது 'துலா யன்னல்'.

உள்ளே தொங்கும் எடைக்கு 'துலாக்குண்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கொழும்பில், அதுவும் தமிழர் ஒருவர், பழைய சோனகத் தெரு இரும்புக் கடையில் போய்க் குண்டு கேட்கும்படியான சொல் வேண்டாம். 'துலாக்கல்' போதும். கடையில் நிறுக்க வைக்கும், இரும்பில் செய்த படியையும் படிக்கல் என்றுதானே சொல்கிறோம்.

இந்தச் சொல் மிக அவசியம். பல வீடுகளில் கயிறு அறுந்ததும் சட்டத்தை ஆணியடித்து நிறுத்திவிடுகிறார்கள். கல் பெட்டியின் அடியில் கிடக்கிறது. கயிறு மாற்றும்போது கண்ணாடியையும் தடித்ததாக மாற்றினால் பழைய கல் போதாது. சட்டத்தைக் கண்ணாடியோடு நிறுத்துப் பார்க்க வேண்டும். 12 கிலோ என்றால் பக்கத்துக்கு 6 கிலோ அளவில். மேல்சட்டத்துக்குக் கல் சற்றுக் கூட, அப்போதுதான் அது மேலே ஒட்டி நிற்கும். கீழ்ச்சட்டத்துக்குச் சற்றுக் குறைய, மூடினால் மூடியபடி இருக்கும். பெட்டிக்குள் இடம் போதாவிட்டால் ஈயம். அதே எடைக்கு இரும்பை விடச் சிறிதாக இருக்கும்.

'சட்டகம்' என்ற சொல்லை விட்டுவிடலாம். சிலர் அதை வெளிச்சட்டத்துக்கும் சிலர் கண்ணாடிச் சட்டத்துக்கும் எழுதுகிறார்கள். ஓடாவிமார் (தச்சர்கள்) வாயில் 'நிலை', 'நிலைக்கால்' ஏற்கெனவே இருக்கின்றன. சுவரில் நிற்பது நிலை, நகர்வது சட்டம். கப்பி பொருத்திய பக்கம் கப்பி நிலைக்கால். சட்டங்கள் இரண்டையும் பிரிக்கும் மெல்லிய பீடிங்குக்கு (மரப்பட்டிக்கு) 'இடைப்பட்டி', அறைப்பக்கப் பீடிங்குக்கு 'உட்பட்டி'. கழற்றும்போது முதலில் உட்பட்டி, பிறகு கீழ்ச்சட்டம், அப்புறம் இடைப்பட்டி, கடைசியில் மேல்சட்டம். இந்த ஒழுங்கைச் சொல்ல இந்த நான்கு பெயரும் வேண்டும்.

கப்பியைத் தூக்கி எறிய வேண்டாம் என்றும் இந்தச் சொற்களுக்கான விளக்கக் குறிப்பில் சேர்க்கலாம். வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரும்பு அச்சு துருப்பிடிக்கும். பித்தளை முகப்பு பெரும்பாலும் பெயின்டுக்குக் கீழே நன்றாகவே இருக்கும். சுடுநீரில் ஊறவைத்தால் பெயின்ட் உரியும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

இரு சட்டங்களும் நடுவில் ஒன்றோடொன்று பொருந்தும் குறுக்குமரத்துக்கு இன்னும் பெயர் இல்லை. 'பொருத்துமரம்' என்று வைத்திருக்கிறேன். தச்சுவேலை தெரிந்தவர்கள் தங்கள் வழக்கை எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.