ஓமஹா: கையில் இஸ்பேட் ஏஸ் இருந்தும் கலர் சேரலை, ஏன்?

செல்லூர் தையல்கடை:
வணக்கம். அப்பா இருந்த காலத்தில் ராத்திரி கடை அடைச்சதும் திண்ணையில் பாய் விரிச்சு ரம்மி ஓடும். புளியங்கொட்டைதான் காசு. 13 சீட்டை அடுக்கத் தெரிஞ்ச எனக்கு இந்த ஓமஹாங்கிற போக்கர் ஆட்டம் மட்டும் பிடிபடல. இதில் கையில் நாலு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவா அஞ்சு.

தம்பி டொரண்டோவில் இருக்கான். ஞாயிறு காலை 6 மணிக்கு, அங்கே அது சனி ராத்திரி எட்டரை, அவனும் அவன் வீட்டுக்காரியும் நானும் போனில் விளையாடுவோம். காசு கிடையாது, ஆப் சும்மா தர்ற சிப்ஸ்தான். போன வாரம் என் கையில் இஸ்பேட் ஏஸ், டைமன் ராஜா, கிளாவர் 9, ஆட்டின் 4. நடுவில் இஸ்பேட் ராஜா, 10, 7, 2, கூட டைமன் 5. கீழே நாலு இஸ்பேட் கிடக்கு, ஏஸ் என்கிட்ட. கலர், அதாவது ஒரே சூட்டில் அஞ்சு சீட்டு, வந்திருச்சுன்னு இருந்த சிப்ஸ் பூராத்தையும் தள்ளிட்டேன். தம்பி பொண்டாட்டி ஆட்டின் 10, கிளாவர் 7 காட்டுச்சு. ரெண்டு ஜோடி. எனக்கு ‘ஒரு ஜோடி’ன்னு போட்டு, பாட், அதாவது நடுவில் சேர்ந்த சிப்ஸ், முழுக்க அதுக்குப் போயிருச்சு.

ஆப்பில் கோளாறா? தம்பிகிட்ட கேட்டா ‘ஆட ஆட வந்துரும்க்கா’ங்கிறான். அவனோட வாரத்துக்கு நான் உட்கார்றது அந்த ஒரு மணி நேரம்தான். ஒழுங்கா ஆடணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை:
தங்கச்சி, ஆப் சரியாத்தான் சொல்லுது. ஓமஹாவில் கையிலிருந்து ரெண்டு, நடுவிலிருந்து மூணு. ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. டெக்சாஸ் ஹோல்டெம்ங்கிற இன்னொரு போக்கரில் கையில் ரெண்டே சீட்டு. அங்கேன்னா அந்த ஒத்தை ஏஸை வச்சே கலர் ஆயிருக்கும். இங்கே கலருக்குக் கையிலேயே ரெண்டு இஸ்பேட் வேணும். உங்களுக்கு ஒண்ணுதான். ஏஸும் ராஜாவும் எடுத்து, நடு ராஜாவோட சேர்த்தா ராஜா ஜோடி. அதோட சரி.

ரம்மி ஆடினவங்களுக்கு இது லேசில் மண்டையில் ஏறாது. கையில் உள்ள அம்புட்டுச் சீட்டையும் சேர்த்துப் பார்த்தே பழகிட்டோம்ல. நான் என் மகளுக்கு நிஜச் சீட்டில்தான் சொல்லிக் கொடுத்தேன். நாலை வரிசையா வச்சு ரெண்டை விரலால் மறைக்கணும். மறைக்காத ரெண்டுதான் உங்க கை. மாத்தி மாத்தி மறைச்சா ஆறு ஜதை வரும். ஆறையும் நடுச்சீட்டோட பொருத்திப் பாருங்க.

திருமங்கலம் ஜங்ஷன்:
அக்கா, இன்னொண்ணு. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஆறு ஜதை இருக்கதால ஓமஹாவில் ஒத்தை ஜோடி ஜெயிக்கிறது அபூர்வம். சின்னக் கலரை நம்பியும் போட்டுறாதீங்க, எதிராளிகிட்ட பெரிய கலர் இருக்கும். ஆரம்பத்தில் நாலு சீட்டும் ஒண்ணுக்கொண்ணு உறவா இருக்கணும். ஏஸ், ஏஸ், ராஜா, ராஜா, அதுவும் ரெண்டு இஸ்பேட், ரெண்டு ஆட்டின் மாதிரி ரெண்டு சூட்டா வந்தா ரொம்பப் பெரிய கை. 9, 9, 9, 4 வந்தா தூக்கிப் போடுங்க. மூணாவது 9-ஐ எடுக்கவே முடியாது, வர வேண்டிய 9-ல ஒண்ணு உங்க கையிலேயே முடங்கிப் போச்சு.

நீங்க ஆடுறது பாட் லிமிட்டா, அதாவது பாட் அளவுக்கு மேல ஏத்த முடியாத ஆட்டமா இருந்தா ஒரே தடவையில எல்லாத்தையும் தள்ள முடியாது. நடுவில் 100 இருக்கு, தம்பி 50 போடுறார்னு வைங்க. நீங்க ஈடு கட்ட 50, அப்போ பாட் 200. அதுக்கு மேல 200 ஏத்தலாம். ஆக மொத்தம் 250 வரைக்கும் போடலாம்.

நாகமலை:
தங்கச்சி, சும்மா சிப்ஸோடயே ஆடுங்க. காசு கட்டி ஆடச் சொல்லி லிங்க் வந்தா தொடாதீங்க. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டம், காசு வச்சு ஆடுற இணைய ஆட்டத்தை எல்லாம் தடை பண்ணிருக்கு. திறமை ஆட்டம்னு சொன்னாலும் விலக்கு கிடையாது. எங்க வீட்டிலேயே ஒருத்தர் போன் ரம்மியில் நகையை அடகு வைக்கிற அளவுக்குப் போனார். அந்த வருஷத்தை நாங்க இன்னும் மறக்கல.

செல்லூர் தையல்கடை:
எல்லாருக்கும் நன்றி. நேத்து அப்பாவோட பழைய சீட்டுக்கட்டை எடுத்தேன். துணி வெட்டுற மேசையில் சாக்கால் ஒரு கோடு. இந்தப் பக்கம் என் நாலு, அந்தப் பக்கம் நடுச்சீட்டு அஞ்சு. இங்கேயிருந்து ரெண்டு, அங்கேயிருந்து மூணு கோட்டு மேல ஏறணும். இருபது கை போட்டுப் பார்த்தேன். ஏழாவது கையிலேயே ஒத்தை ஆட்டினை வச்சுக் கலர்னு எடுக்கப் போய், கோட்டைப் பார்த்து நிறுத்தினேன்.

ஒரு சந்தேகம்ண்ணே. நடுவிலேயே 5, 6, 7, 8, 9 வரிசையா விழுந்துட்டா எல்லாருக்கும் ரன் தானே?

வைகைக்கரை:
இல்லைம்மா. அங்கேயும் மூணுதான். கையில் 10, ஜாக் இருந்தா 7, 8, 9-ஓட சேர்ந்து ரன். 8, 9 இருந்தா 5, 6, 7-ஓட சேரும். ஏஸ், ஏஸ், ராஜா, ராஜா வச்சிருக்கவருக்கு ரன்னே கிடையாது, வெறும் ஏஸ் ஜோடிதான். சாக்கோட்டை அழிச்சிராதீங்க.