பி பிளாக் குழு: மொட்டைமாடியும் பொது மீட்டரும்

மூன்றாம் மாடி அக்கா: மணி 11. சுவரைத் தொட்டால் இன்னும் சுடுகிறது. ஃபேன் அனல்காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கலாம் என்று போன கூட்டத்தில் பேசினோமே, என்ன ஆயிற்று?

தரைத்தள அண்ணன்: பேசினோம்மா. ஆனால் கீழே இருக்கிற எங்களுக்கு அதில் என்ன பயன்? நாங்களும் பங்கு போட வேண்டுமா?

செயலாளர் சார்: கூரை வீட்டு வசதி வாரியத்துடையது. முதலில் மனு கொடுப்போம்.

மூன்றாம் மாடி அக்கா: மனு போய், ஆள் வந்து பார்ப்பதற்குள் மழைக்காலம் வந்துவிடும் சார் 😡

எலக்ட்ரீஷியன் தம்பி: வெறும் கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி வீட்டுக்குள் விடும் அக்கா. வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு என்றே விற்கிறார்கள், அதுதான் வேண்டும். தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவ வேண்டும். விரிசல் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் தம்பி: அண்ணா, பொது மீட்டர் பில் எல்லோர் தலையிலும்தானே விழுகிறது? படிக்கட்டில் பழைய 40 வாட் டியூப் 10 இருக்கின்றன. சோக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் 50 வாட் என்று வையுங்கள். 12 மணி நேரம் எரிந்தால் ராத்திரிக்கு 6 யூனிட். 20 வாட் எல்இடி போட்டால் 2.4 யூனிட். பம்பு தனிக்கதை.

தரைத்தள அண்ணன்: அந்தக் கதை எனக்குத் தெரியும். டேங்க் வழிந்தால் என் ஜன்னலில்தான் கொட்டுகிறது. நேற்று முக்கால் மணி நேரம்!

எலக்ட்ரீஷியன் தம்பி: அதேதான். கரன்ட் செலவழித்து மேலே ஏற்றிய தண்ணீரைக் கீழே கொட்டுகிறோம். ஃப்ளோட் சுவிட்ச் வைத்தால் டேங்க் நிறைந்ததும் பம்பு தானே நின்றுவிடும்.

பெரியம்மா: 🎤 0:42

மூன்றாம் மாடி அக்கா: பெரியம்மா, மிக்ஸி சத்தம்தான் கேட்கிறது 😄

பெரியம்மா: ஃபேனை 2-ல் வைத்தால் கரன்ட் மிச்சமா என்று கேட்டேன்.

எலக்ட்ரீஷியன் தம்பி: உங்கள் வீட்டில் இருப்பது பழைய பெட்டி ரெகுலேட்டர் பெரியம்மா. மிச்சப்பட வேண்டியதில் ஒரு பங்கை அதுவே சூடாகித் தின்றுவிடும். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்று வரும் புது வகை மோட்டார் ஃபேன் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் குறையும்.

இரண்டாம் மாடி தங்கை: நான் வாடகைக்கு இருக்கிறேன். ஃபேன் என்றால் போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். பூச்சை எப்படிக் கழற்றுவது?

செயலாளர் சார்: நியாயம். பூச்சை வாரியமே செய்யச் சொல்லிக் கேட்போம். கூரை, படிக்கட்டு விளக்கு இரண்டும் ஒரே மனுவில் போகட்டும். ஃப்ளோட் சுவிட்சுக்குப் பராமரிப்புப் பணமே போதும்.

தரைத்தள அண்ணன்: சுவிட்ச் முதலில் வரட்டும். வாரியம் கைவிரித்தால் பூச்சுக்கு என் பங்கு உண்டு.

மூன்றாம் மாடி அக்கா: அண்ணா 🙏

தரைத்தள அண்ணன்: இப்போது பம்பு போட்டது யார்? ஜன்னலில் கொட்டுகிறது.

செயலாளர் சார்: ஐயோ, நான்தான். இதோ ஓடுகிறேன்.